மாடித்தோட்டம்: போட்ட காசு எப்போ திரும்ப வரும்?

மாடியில காய்கறி வளர்த்தா மாசம் எவ்வளவு மிச்சமாகும்? அது நீங்க எதை விதைக்கிறீங்க என்பதைப் பொறுத்தது. பலரும் முதல்ல வைக்கிறது தக்காளி. ரெண்டு மாசத்துக்கு மேல காத்திருந்து, உங்க செடி காய்க்கிற நேரத்துல சந்தையில விலை சரிஞ்சு கிடக்கலாம். கறிவேப்பிலை? அதான் கடையில கொசுறாவே வருதே!

கீரைதான் கணக்குக்கு ஒத்து வரும். சிறுகீரையை விதைச்சு சுமார் 25 நாள்ல பறிக்கலாம். நாலு பையில வாரத்துக்கு ஒண்ணா விதைங்க.

பை, தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்னு வைப்போம். வாரம் ரெண்டு கட்டு, கட்டு 20 ரூபாய்னா மாசம் 160 ரூபாய் மிச்சம். விதை, உரத்துக்கு 35 ரூபாய் கழிச்சா 125. போட்ட காசு திரும்ப 12 மாசம்.

சின்னத் தொகைதான். ஆனா மிச்சம் பண்ற காசுக்கு வரி கிடையாது. 20% ஸ்லாப்ல இருக்கிறவர் 100 ரூபாய்க்குக் கீரை வாங்க, செஸ் சேர்த்து சுமார் 126 ரூபாய் சம்பாதிக்கணும்.

வாடகை வீடா? உங்க அக்ரிமெண்ட் 11 மாசம்தானே! ஓனர்கிட்ட கேட்டுட்டு, ரெண்டு பையோட ஆரம்பிங்க. தோட்டக்கலைத் துறையோட மானிய விலை கிட் கிடைக்குதான்னும் விசாரிங்க.