இல்லக் கல்வி: எந்தப் பாடமுறையைக் கொள்வது?

பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை சர்க்காருக்கு உரியதா, பெற்றோருக்கு உரியதா? அமெரிக்க ஐக்கிய நாட்டின் உச்ச நீதிமன்றம் 1925-ஆம் ஆண்டில் இக்கேள்விக்கு ஒரு விடை கூறிற்று. பிள்ளைகள் யாவரும் பொதுப் பள்ளிக்கூடத்திற்கே வந்தாக வேண்டுமென்று ஆரெகன் ராஜ்யம் இயற்றிய சட்டத்தை அது செல்லாதென்று தள்ளியது. அவ்வழக்கு தனியார் பள்ளிகளைப் பற்றியதே. ஆயினும் அத்தீர்ப்பு பெற்றோரின் கைக்கு வலிமை தந்தது. பின்னாளில் வீட்டிலேயே கற்பிக்க விரும்பியோர் நீதிமன்றங்களில் வழக்காடியும், சட்டசபைகளில் வாதாடியும் தம் உரிமையை நிலைநாட்டினர். 1993-ஆம் ஆண்டிற்குள் 50 ராஜ்யங்களிலும் இல்லக் கல்வி சட்ட சம்மதம் பெற்றுவிட்டது.

உரிமை கைக்கு வந்தபின் எழுவது இரண்டாவது கேள்வி. கிடைத்த உரிமையைக் கொண்டு எதைக் கற்பிப்பது? இதற்கு அங்குள்ள பெற்றோரில் ஒரு சாரார் கூறும் விடை நமது கவனத்திற்கு உரியது. புதுமையைத் தேடாமல், ஐரோப்பாவின் பழைய கல்வி முறைக்கே திரும்பவேண்டும் என்கின்றனர் அவர்கள். இதனைச் செவ்வியற் கல்வி என்று வழங்குகின்றனர்.

மத்திய காலத்து ஐரோப்பாவில் கற்றோர் ஏழு கலைகளைப் போற்றினர். இலக்கணம், தருக்கம், நாவன்மை ஆகிய மூன்றும் முதல் வரிசை. எண் கணிதம், க்ஷேத்திர கணிதம், சங்கீதம், வான சாஸ்திரம் ஆகிய நான்கும் அடுத்த வரிசை. இவற்றுள் முதல் மூன்றையும் இக்காலத்தார் கையாளும் விதத்திற்கு மூலமாயிருந்தது, 1947-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் டாரதி ஸேயர்ஸ் அம்மையார் நிகழ்த்திய ஒரு பிரசங்கம். துப்பறியும் நாவல்களால் புகழ்பெற்றவர் அவர். தாந்தேயின் மகா காவியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்களில் ஒருவர். பள்ளிகள் பல பாடங்களைப் புகட்டுகின்றன, ஆனால் தாமே கற்கும் திறனைப் பிள்ளைகளுக்கு அளிப்பதில்லை என்பது அவரது குறை. சிறு பிள்ளை கிளிபோல் ஒப்புவிக்கும் பருவம் இலக்கணத்திற்கு உரியது. எதிர்த்துப் பேசும் பருவம் தருக்கத்திற்கு உரியது. தன் உள்ளத்தை வெளியிடத் துடிக்கும் பருவம் நாவன்மைக்கு உரியது என்று அவர் பாகுபடுத்தினார்.

இப்பாகுபாட்டின்மேல் இன்று பல பாடமுறைகள் எழுந்துள்ளன. 1999-இல் ஜெஸ்ஸி வைஸ், ஸூஸன் வைஸ் பௌயர் என்னும் தாயும் மகளும் எழுதி வெளியிட்ட நூல் 12 ஆண்டுக் கல்வியை மூன்றாகப் பகுக்கிறது. புராதன காலம் முதல் தற்காலம் வரையுள்ள சரித்திரத்தை நான்கு ஆண்டுகளில் கற்று, அவ்வட்டத்தை மும்முறை சுற்றிவரச் செய்கிறது. 1997-இல் தோன்றிய 'கிளாஸிக்கல் கான்வர்ஸேஷன்ஸ்' என்னும் ஸ்தாபனம் குடும்பங்களை வாரம் ஒரு நாள் ஒன்றுகூட்டி, இளம் பிள்ளைகளுக்கு மனப்பாடத்தையே முதன்மையாக்குகிறது. கெண்டக்கி ராஜ்யத்து 'மெமோரியா பிரஸ்' லத்தீன் பாஷையை நடுத்தூணாக நிறுத்துகிறது. இவற்றினின்றும் வேறுபட்டு, 1923-இல் மறைந்த ஆங்கிலக் கல்வியாளர் ஷார்லட் மேஸன் அம்மையாரின் வழி நிற்போரும் உண்டு. சிறந்த நூல்களைப் படிக்கச் செய்து, படித்ததைப் பிள்ளை தன் சொல்லில் திருப்பிக் கூறச் செய்வது அவர்கள் முறை.

இவற்றுள் எதைக் கொள்வது? விலையையும் விளம்பரத்தையும் பார்த்துத் தேர்வது பேதைமை. ஸேயர்ஸ் அம்மையாரின் பாகுபாட்டையே வேதவாக்காகக் கொள்வதும் தகாது. மத்திய காலத்தில் இலக்கணமும் தருக்கமும் நாவன்மையும் கற்கவேண்டிய கலைகளாயிருந்தன. பிள்ளைகளின் வயதுப் படிகளாக இருந்ததில்லை. அவற்றை வயதோடு பொருத்தியது அம்மையாரின் சொந்த யோசனை. கற்பிப்பதில் தமக்குள்ள அனுபவம் மிகக் குறைவென்று அவரே அப்பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். ஆறு வயதுக் குழந்தையும் காரணம் கேட்கிறது. பத்து வயது வரை ஒப்புவித்தால் போதும், காரணம் பின்னர் வரட்டும் என்று அதன் வாயை அடைப்பது கல்வியாகாது.

மனப்பாடத்தை நாம் இகழ்வதற்கில்லை. நமது திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியையும் நிகண்டையும் நெட்டுருச் செய்தோர், தாள் இன்றிக் கணக்கிட்டனர். அகராதியின்றிச் செய்யுளுக்குப் பொருள் கண்டனர். ஆயினும் பொருளறியாது ஒப்புவித்ததோடு நின்றுபோனவர்களும் அத்திண்ணையில் இருந்தனர். பாடம் செய்த செய்திக்கும், அச்செய்தியை ஆராயும் பயிற்சிக்கும் இடையே பாலம் உண்டா என்பதே ஒரு பாடமுறைக்கு நாம் வைக்கும் முதற் சோதனை.

இரண்டாவது சோதனை கற்பிப்பவரைப் பற்றியது. இல்லக் கல்வியின் பாரம் பெரும்பாலும் தாயின் தோள்மீதே விழுகிறது. லத்தீன் அறியாத தாய், லத்தீனை மையமாகக் கொண்ட முறையை ஏற்றால் பிள்ளையோடு தானும் உட்கார்ந்து கற்கவேண்டும். அதற்கு அவருக்குப் பொழுதுண்டா? மூன்று பிள்ளைகள் மூன்று வகுப்புகளில் இருந்தால் என் செய்வது? மிக உயர்ந்த திட்டத்தை வாங்கி அலமாரியில் அடுக்குவதினும், எளிய திட்டத்தைத் தவறாமல் நடத்துவது மேல். தந்தையார் இதில் பங்கு கொள்ளாமல் திட்டத்தைத் தேர்வதோடு நின்றுவிடுவது நீதியன்று.

மூன்றாவது சோதனை, யாருடைய பழமை என்பது. இம்முறைகளில் பெரும்பாலானவை கிரேக்கத்தையும் ரோமாபுரியையும், கிறிஸ்தவ ஐரோப்பாவையுமே பழமையெனக் காட்டுகின்றன. அது அவர்களுடைய பரம்பரை. அதை அவர்கள் போற்றுவதில் தவறில்லை. ஆனால் உலகில் பழமை அது ஒன்றே என்று பிள்ளை நம்பி வளருமாயின் அக்கல்வி குறையுடையது. அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்று இவ்வழியைக் கைக்கொள்ளுமாயின், லத்தீனுக்குரிய ஆசனத்தில் தமிழை அமர்த்துவதற்குத் தடை யாது? இந்திய சர்க்கார் 2004-இல் தமிழைச் செம்மொழியென்று அறிவித்தது. தொல்காப்பியம் போன்ற இலக்கணத்தைப் பெற்ற பாஷை, பிள்ளையின் அறிவைக் கூர்மையாக்குவதற்கு எந்தப் பாஷைக்கும் இளைத்ததன்று.

இனி, பிள்ளையின் பக்கம் நின்று ஒரு வார்த்தை. நியூயார்க் ராஜ்யத்தில் பெற்றோர் ஆண்டுதோறும் பாடத்திட்டத்தை எழுதி ஒப்புவிக்க வேண்டும். ஆண்டில் நான்கு முறை அறிக்கை தரவேண்டும். ஆண்டு முடிவில் மதிப்பீடும் உண்டு. டெக்ஸாஸ் ராஜ்யத்திலோ, இல்லப் பள்ளி தனியார் பள்ளிக்குச் சமானமென்று அந்த ராஜ்யத்து உச்ச நீதிமன்றம் 1994-இல் தீர்ப்பளித்தபின், சில பாடங்களைக் கற்பித்தால் போதும். எவரிடமும் கணக்குக் காட்ட வேண்டுவதில்லை. சர்க்கார் வீட்டிற்குள் புகுவதை நாம் விரும்புவோரல்லேம். ஆனால் பத்து வயதாகியும் வாசிக்கத் தெரியாத பிள்ளை ஒன்று அடைத்த கதவுக்குப் பின்னால் இருக்குமானால், அதன் உரிமையைக் கேட்பது யார்? சட்டம் கேளாத இடத்திலும் ஆண்டுக்கொருமுறை தம் பிள்ளையின் எழுத்தையும் கணக்கையும் நடுநிலையாளர் ஒருவர்முன் வைக்கப் பெற்றோர் தாமே முன்வரவேண்டும்.

பாடமுறை பெற்றோரின் பெருமையைக் காட்டும் கொடியன்று. அதைத் தேர்வதில் வாயற்ற கட்சிக்காரன் ஒருவன் இருக்கிறான், அவன் பிள்ளை. ஓராண்டு கழித்து அவன் சென்ற ஆண்டினும் தெளிவாக வாசிக்கிறானா, நன்றாக எழுதுகிறானா, அஞ்சாமல் காரணம் கேட்கிறானா என்று பாருங்கள். ஆமெனில் கொண்ட முறையை விடவேண்டாம். இல்லையெனில், எவ்வளவு புகழ்பெற்ற முறையாயினும், எவ்வளவு பொருள் செலவிட்டு வாங்கியதாயினும், அதை மாற்றத் தயங்கவேண்டாம்.