வீட்டுக் கணனியில் ஓர் ஒலிப்பதிவுக்கூடம்

எமது பிள்ளைகள் வார இறுதியில் சங்கீத வகுப்புக்குப் போகிறார்கள். கலைவிழா மேடைகளில் பாடுகிறார்கள். அதை ஊரிலிருக்கும் அப்பம்மாவும் கேட்க வேண்டுமென்றால், நாம் கைத்தொலைபேசியை நீட்டிப் பிடிப்பதோடு நின்றுவிடுகிறோம். ஒலிப்பதிவுக்கூடத்துக்கு மணித்தியாலக் கணக்கில் பணம் கட்ட, புதிதாக வந்து குடியேறிய குடும்பங்களால் இயலாது. ஆனால் பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யும் கணனியே இந்த வேலைக்குப் போதுமானது.

மென்பொருள்

தொடக்கத்துக்கு ஒடாசிற்றி நல்லது. 1999இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டானன்பேர்க் ஆகிய இருவர் தொடங்கிய முயற்சி இது. விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாக இயங்கும். அப்பிள் கணனி வைத்திருப்போர் 2004இல் வெளிவந்த கராஜ்பாண்டை இலவசமாகப் பெறலாம். தெரிந்தவர்கள் தரும் களவுப் பிரதிகளை ஏற்றாதீர்கள். அவற்றோடு வைரஸும் வீட்டுக்குள் வரக்கூடும்.

வாங்க வேண்டியவை இரண்டே. கணனியில் நேரே செருகும் யூஎஸ்பி மைக் ஒன்று, வயர் உள்ள ஹெட்போன் ஒன்று. வயர் இல்லாத புளூருத் ஹெட்போனில் ஒலி சற்றுப் பிந்தியே வரும். தாளம் பிசகிவிடும்.

முதற் பயிற்சி

1. கம்பளமும் திரைச்சீலையும் உள்ள அறையைத் தெரிவுசெய்யுங்கள். வெறுஞ் சுவர்கள் எதிரொலிக்கும். குளிர்சாதனப்பெட்டி இரையும் சமையலறை வேண்டாம்.

2. முதலில் சுருதிப்பெட்டியை மட்டும் தனித் தடத்தில் பதியுங்கள்.

3. பிள்ளை அதை ஹெட்போனில் கேட்டபடி பாடட்டும். குரல் இரண்டாவது தடத்தில் பதிவாகும். ஹெட்போன் இல்லாவிட்டால் சுருதியும் மைக்குக்குள் புகுந்துவிடும்.

4. மிருதங்கம் மூன்றாவது தடம். பாட்டில் பிழை வந்தால் குரலை மட்டும் மீண்டும் பதியலாம். மிருதங்கக்காரரைத் திரும்பவும் அழைக்கத் தேவையில்லை.

5. முடிந்ததும் வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். இறுவட்டுத் தரத்தில் ஒரு நிமிடம் ஏறத்தாழ 10 மெகாபைட் பிடிக்கும். ஊருக்கு அனுப்ப எம்பி3 போதும். 128 கிலோபிற் அளவில் அது நிமிடத்துக்கு 1 மெகாபைட்தான்.

கீபோர்ட் பழகும் பிள்ளைகளுக்கு

1983இல் அறிமுகமான மிடி முறையில் பதிவாவது ஒலி அன்று. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தமாக வாசிக்கப்பட்டது என்ற குறிப்பே பதிவாகும். ஆகவே தவறிய ஒரு சுரத்தை மட்டும் பின்னர் திருத்தலாம். சுருதி கூடிவிட்டால் முழுப்பாட்டையும் இறக்கலாம். கராஜ்பாண்டில் இது மிகச் சுலபம். ஆனால் எமது கமகங்கள் கட்டைகளை அழுத்துவதால் மட்டும் வந்துவிடா. குரலையும் வயலினையும் மைக்கில் பதிவதே சரி.

ஒரு பிழை, ஒரு பாடம்

எங்கள் அம்மம்மா பாடும் தாலாட்டைத்தான் நான் முதன்முதலில் பதிந்தேன். நன்றாகக் கேட்கட்டும் என்று ஒலியளவை முழுதாகக் கூட்டி வைத்தேன். திரையில் சிவப்புக் கோடுகள் வந்ததைக் கவனிக்கவில்லை. கேட்டுப் பார்த்தபோது குரல் கரகரவென்று உடைந்திருந்தது. அப்படி உடைந்த ஒலியைப் பழையபடி ஆக்க எந்த மென்பொருளாலும் இயலாது. உச்ச ஒலி பூச்சியத்துக்குக் கீழே 6 முதல் 12 டெசிபலுக்குள் நிற்க வேண்டும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

அடுத்த கிழமை, “இன்னொருக்காப் பாடுங்கோ அம்மம்மா” என்று கேட்டேன். “உனக்கு வேற வேலை இல்லையோ?” என்று சிரித்துவிட்டுப் பாடினார். இன்று அவர் எம்மோடு இல்லை. அந்த மூன்று நிமிடங்கள் கணனியிலும், வேறோர் இடத்தில் வைத்திருக்கும் பிரதியிலும் இருக்கின்றன. என் மகள் அதைக் கேட்டுத்தான் அந்தத் தாலாட்டைப் பாடப் பழகினாள்.

உங்கள் வீட்டிலும் ஒரு முதியவர் இருப்பார். பிள்ளைகளின் பாட்டை அடுத்த மாதமும் பதியலாம். முதலில் அவரை மைக்கின் முன் அமர்த்துங்கள்.