தாயில்லாத முதற் பொங்கல்



தாய் மறைந்த ஆண்டில் பண்டிகை கொண்டாடாமல் இருப்பது தமிழ்நாட்டில் பல குடும்பங்களின் வழக்கம். ஆண்டுத் திவசம் முடிந்தபின் வரும் பொங்கலுக்கு மக்கள் எல்லாரும் பிறந்த வீட்டில் கூடுவர். சில வீடுகளில் அந்த நாள் பெருங்குழப்பமாகிவிடும். பானையை அடுப்பில் ஏற்றுவது யார் என்று தொடங்கும் பேச்சு, அம்மாவின் தோடு யாரிடம் இருக்கிறது என்பதில் சூடேறி, 'இனி இந்த வாசலை மிதியேன்' என்பதில் போய் முடியும். ஏன் இவ்வாறு நேர்கிறது?

முதற் காரணம், இடையில் நின்றவள் இல்லாமற் போனது. மூத்தவன் சொன்ன கடுஞ்சொல்லின் காரத்தைக் குறைத்து இளையவனிடம் சொன்னவள் தாய். அவள் இருந்தவரை அந்தப் பணி எவர் கண்ணிலும் படவில்லை. இன்று அதே சொல் நேரே வந்து தைக்கிறது.

இரண்டாவது காரணம், துயரம் சினமாக மாறுவது. ஜான் பௌல்பி என்னும் ஆங்கிலேய உளமருத்துவர், 1980இல் வெளியிட்ட தம் நூலில், இழந்தவரை மனம் தேடுவதும், காணாமல் சினங்கொள்வதும் துயரத்தின் இயல்பான கூறுகளே என்று விளக்கினார். அச்சினம் அருகில் இருப்பவர்மீது பாய்ந்துவிடுகிறது.

மூன்றாவது காரணம், உரிமை பற்றிய ஐயம். அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சட்கொத்து என மணமான மகளுக்குப் பொங்கற் சீர் அனுப்புவது பிறந்த வீட்டார் வழக்கம். தாய்க்குப் பின் அது வராதபோது, 'எனக்கு இனிப் பிறந்த வீடு உண்டா?' என்று அவள் உள்ளம் கேட்கிறது. அவள் தோட்டைக் கேட்பதும் பலபோது இந்தக் கேள்வியே. பொருளைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாக இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தாயின் சொத்தில் அவள் கணவருக்கும், மகன்களுக்கும், மகள்களுக்கும் ஆளுக்குச் சமபங்கு உண்டு. ஆனால், பிறந்த வீட்டின் அன்பைப் பங்கிட்டுத் தரச் சட்டத்தால் இயலாது. அதை உடன்பிறந்தாரே தரவேண்டும்.

ஆகவே, பண்டிகை நாளில் பங்கீட்டுப் பேச்சை எடுக்கலாகாது. அதற்கு வேறொரு நாளைக் குறித்து, பொருள்களைப் பட்டியல் எழுதி, எல்லாரும் உடனிருக்கப் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. பொங்கலன்று பாட்டியைப் பற்றிப் பெரியவர்கள் பேசத் தயங்கினால், இளையவர்களாகிய நீங்கள் பேச்சைத் தொடங்குங்கள். அவர் சமைத்ததையும், கண்டித்ததையும், சிரித்ததையும் கேளுங்கள். அழுகை வந்தால் வரட்டும். சேர்ந்து அழுதவர்கள் அடுத்த பொங்கலுக்கும் அந்த வாசலுக்கு வருவார்கள்.