பால்புதுமையர் உரிமை ஆய்வில் மாணவர் பயிற்சி: பெயரை மறைத்தால் மட்டும் போதுமா?



"சார், யூனிவர்சிட்டில கடைசி வருஷம் இண்டர்ன்ஷிப் போகணும். மனித உரிமை ஆய்வு செய்ற இடத்துல கேட்டிருக்கேன். திருநங்கைகளைப் பத்தின ஆய்வு. அங்க என்ன வேலை இருக்கும்? அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?"

லாயாங் லாயாங்கில் படித்து வளர்ந்த ஒரு முன்னாள் மாணவி கேட்ட கேள்வி இது. உங்களிடமும் ஒருநாள் யாராவது கேட்கலாம். அப்போது சொல்வதற்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டும் அல்லவா?

முதலில் சொற்கள்

ஆணாகப் பிறந்ததாகப் பதிவாகி, தம்மைப் பெண்ணாக உணர்ந்து வாழ்பவர் திருநங்கை. பெண்ணாகப் பதிவாகி, தம்மை ஆணாக உணர்பவர் திருநம்பி. இருவருக்கும் பொதுவான சொல் திருநர். தன் பாலினத்தவர் மீதே ஈர்ப்புக் கொண்டவர் தன்பாலீர்ப்பாளர். ஆண், பெண் என்ற உடற்கூறுகளில் ஒன்றுக்குள் மட்டும் அடங்காத உடலோடு பிறந்தவர் ஊடுபாலினர். இவர்கள் அனைவரையும் சேர்த்துப் பால்புதுமையர் என்கிறோம். தெருவில் வழங்கும் இழிசொற்களைக் கட்டுரையில் எழுதாதீர்கள். மதிப்பெண்ணுக்காக மட்டுமல்ல, மரியாதைக்காகவும்.

பயிற்சி மாணவர் என்ன செய்கிறார்?

பாதி வேலை ஆய்வு, பாதி வேலை உரிமைக்காகப் பேசுதல். நடைமுறையில் பெரும்பாலான நேரம் மேசையில்தான் கழியும்:

1. சட்டம், தீர்ப்பு, செய்தி ஆகியவற்றைத் திரட்டித் தேதிவாரியாக அடுக்குதல்.
2. நேர்காணல் ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்குதல்.
3. அந்த எழுத்திலிருந்து ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்குதல்.
4. மலாய், ஆங்கிலத் தகவல்களை எளிய தமிழில் எழுதுதல்.
5. அதிகாரிகளுக்கு அனுப்பும் விளக்கக் குறிப்புக்கு உதவுதல்.

நம் பிள்ளைகளுக்கு மும்மொழி தெரியும். அதனால் நான்காவது வேலையில் அவர்களால் நிறைய உதவ முடியும்.

மதுரை மாணவர்கள்

மாணவர் வேலையால் என்ன ஆகப்போகிறது என்று கேட்பவருக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2011இல் மதுரையில் கல்லூரி மாணவராக இருந்த கோபி சங்கர், சிருஷ்டி மதுரை என்ற மாணவர் தன்னார்வ அமைப்பைத் தொடங்கினார். பாலின அடையாளங்களுக்குத் தமிழ்ச் சொற்களை உருவாக்குவதும் ஊடுபாலினர் நிலையை விளக்குவதும் அதன் பணிகளில் அடங்கும். 22.4.2019இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அருண்குமார் வழக்கில் தீர்ப்பளித்தபோது, அவருடைய பணியையும் குறிப்பிட்டது. ஊடுபாலினக் குழந்தைகளுக்குத் தேவையற்ற பாலின அறுவை சிகிச்சை செய்வதைத் தடுக்கும்படி அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தடையாணை வெளியிட்டது. உயிருக்கு ஆபத்தான நிலை மட்டும் விதிவிலக்கு.

மாணவராக மாறிய நீதிபதி

2021இல் மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள், பெற்றோர் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்து நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டார்கள். இதுதான் சுஷ்மா வழக்கு. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தமக்கு முழுமையாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டார். பால்புதுமையரோடும் பேசினார். 7.6.2021 அன்று அவர் தந்த உத்தரவு, பாலீர்ப்பை "மாற்றுகிறேன்" என்று சொல்லும் சிகிச்சைக்குத் தடை விதித்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்கள் வழியாகப் பெற்றோருக்குப் புரிய வைக்கலாம் என்றும் அதில் ஒரு பரிந்துரை உண்டு. ஆசிரியர்களே, இது நமக்கும் பொருந்தும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டுக் கற்கத் தொடங்குவதுதான் பயிற்சியின் முதல் நாள் பாடம்.

நம் நாட்டின் நிலை

இங்கே சட்டம் வேறு. மறைக்காமல் சொல்லிக்கொடுங்கள். ஆங்கிலேயர் காலத்தில் எழுதப்பட்ட 377 என்ற பிரிவு இந்தியாவிலும் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 6.9.2018இல், வயது வந்தோர் மனமொத்த உறவுக்கு அது பொருந்தாது என்றது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022இல் 377ஏ பிரிவை நீக்கியது. மலேசியாவில் 377ஏ, 377பி இன்றும் நடப்பில் உள்ளன. 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். முஸ்லிம்களுக்கு மாநில ஷரியா சட்டங்களும் உண்டு.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். நெகிரி செம்பிலான் திருநங்கைகள் வழக்கில் 2014 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதோடு நிறுத்தி எழுதினால் தப்பு. 8.10.2015இல் கூட்டரசு நீதிமன்றம், வழக்குத் தொடுத்த முறை சரியில்லை என்று அதை ரத்து செய்தது. எந்தத் தீர்ப்பை எடுத்தாலும் "அதுக்கப்புறம் என்னாச்சு?" என்று கேளுங்கள்.

ஆய்வுக்கு இங்கும் இடம் உண்டு. கோலாலம்பூர், சிலாங்கூரில் திருநர் கல்வி, வேலை, மருத்துவம், வீடு ஆகியவற்றில் சந்திக்கும் பாகுபாட்டை மலேசிய மனித உரிமை ஆணையமான சுஹாகாம் ஆய்வு செய்து அறிக்கை வெளியிட்டுள்ளது. பயிற்சிக்குப் போக நினைப்பவர், முதலில் அந்த அறிக்கையைப் படிக்கட்டும். பிறகு துறை மேற்பார்வையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெறட்டும். பயிற்சி இடத்தில் யார் பொறுப்பாளர், சிக்கல் வந்தால் யாரை அழைப்பது என்பதையும் கேட்டுக்கொள்ளட்டும். "சட்டமும் சமூகமும் பத்தின ஆய்வு, அறிக்கை எழுதக் கத்துக்கிறேன்" என்று அம்மாவிடம் சொல்லலாம். அது உண்மையும்கூட.

பெயர் போனாலும் ஆள் தெரியும்

மிக முக்கியமான பகுதி இதுதான். கீழே உள்ள வரியைப் பாருங்கள்:

"லாயாங் லாயாங்கைச் சேர்ந்த 24 வயது திருநங்கை, அப்பா தோட்டத்தில் மண்டோர், சிங்கப்பூரில் வேலை."

பெயர் இல்லை. ஆனால் நம்மூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தே தாரிக் குடிப்பவர் எவரும் ஒரு நிமிடத்தில் ஆளைச் சொல்லிவிடுவார். கோலாலம்பூரில் மறைந்துவிடும் விவரம் சிற்றூரில் மறையாது. திருத்தினால் இப்படி வரும்:

"ஜொகூரைச் சேர்ந்த, இருபதுகளில் உள்ள திருநங்கை, தொழிலாளர் குடும்பம்."

ஆய்வுக்குத் தேவையானது இருக்கிறது. ஆளைக் காட்டுவது போய்விட்டது. நம்பிப் பேசியவருக்கு வேலை போகலாம், வீடு போகலாம். அறிக்கை எழுதியவருக்கோ ஒன்றும் ஆகாது. அதனால்தான் இதில் கவனம் வேண்டும். இக்கட்டுரையின் தொடக்கத்தில் வந்த மாணவியைப் பற்றிய விவரங்களும் மாற்றப்பட்டவையே.

இதே விதி ஆசிரியர் அறைக்கும் பொருந்தும். ஒரு பிள்ளை உங்களை நம்பித் தன்னைப் பற்றி ஏதாவது சொன்னால், அது சக ஆசிரியரிடம் பகிரும் செய்தி அல்ல. அந்தப் பிள்ளையைக் கேட்காமல் வீட்டுக்கும் சொல்லாதீர்கள். பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உடனே பள்ளி ஆலோசக ஆசிரியரின் உதவியை நாடுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. ஆய்வில் தனிமனித இரகசியம் காப்பது ஏன் அவசியம்? 150 சொற்களில் கருத்து விளக்கக் கட்டுரை எழுதுக.
2. "53 வயது தமிழாசிரியர், குளுவாங்கில் வசிப்பவர், மூன்று பெண்பிள்ளைகளின் தந்தை." ஆள் தெரியாதபடி இவ்வரியைத் திருத்தி எழுதுக.
3. 377 பிரிவு மூன்று நாடுகளில் இன்று எந்த நிலையில் உள்ளது? அட்டவணையிடுக.

இரண்டாம் வினாவை வகுப்பில் செய்து பாருங்கள். எந்த விவரத்தை எடுப்பது, எதை விடுவது என்று பிள்ளைகள் வாதாடுவார்கள். ஆய்வுப் பயிற்சி அங்கேயே தொடங்கிவிடும்.