ஊசிக்குப் பிறகா, ஊசியாலா?

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் கோவேக்சின் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி மறைந்தார். இதய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததாக மருத்துவர்கள் விளக்கினார்கள். அதற்குள் ஊசிதான் காரணம் என்று வாட்ஸப் தீர்ப்பே எழுதிவிட்டது. ஊசி காரணமல்ல என்ற மத்திய அரசின் ஆய்வுக் குழு முடிவு வர அக்டோபர் ஆனது.

ஏன் நம்பினோம்? அடுத்தடுத்து நடந்தவற்றை மனம் முடிச்சுப் போட்டுவிடும். மாரடைப்பு தினமும் பலருக்கு வருகிறது. லட்சக்கணக்கானோர் ஊசி போட்டுக்கொள்ளும்போது சிலருக்கு அது மறுநாளே வரத்தான் செய்யும். பிழைத்தவர்கள் செய்தியாவதில்லை.

கடலூர்ப் பக்கம் குடிகாடு போன்ற கிராமங்களிலும், வாசலில் நிற்கும் கிராம செவிலியரிடம்தான் ஊசி பற்றிய இந்தப் பயம் கேள்வியாக வரும். "ஒண்ணும் ஆகாது" என்பது தவறான பதில் என்பேன். இரவு காய்ச்சல் வரலாம், கை வலிக்கலாம், அது உடல் எதிர்ப்புச் சக்தியைத் திரட்டும் வேலை, இரண்டொரு நாளில் தணியும் என்று முன்பே சொல்லிவிட்டால், காய்ச்சல் வதந்திக்குச் சாட்சியாகாது.