பேரக்குஞ்சுகளை எண்ண வேண்டும்

காட்டில் பிடிபட்டு விமானத்தில் வந்து சேர்ந்த பெண் பச்சோந்தி, கூண்டுக்குள் விட்ட சில வாரங்களிலேயே முட்டையிடுவது உண்டு. முட்டைகள் பொரிந்ததும், அரிய இனம் ஒன்றைப் பெருக்கிவிட்டோம் என்று வளர்ப்பவர் பூரித்துப்போகிறார். அந்தப் பூரிப்பு பெரும்பாலும் அவசரப்பட்டது. பல பச்சோந்தி இனங்களில் பெண், ஆணின் விந்தை உடலுக்குள் மாதக்கணக்கில் சேமித்து வைத்திருக்கும்; ஒருமுறை இணைசேர்ந்ததை வைத்தே அடுத்தடுத்த ஈடுகளில் கருவுள்ள முட்டைகளை இடும். அந்தக் குஞ்சுகளின் தந்தை காட்டில்தான் இருக்கிறது. அந்தத் தாயை உருவாக்கியதும் காட்டின் மழையும் பூச்சிகளும்தான். கூண்டின் பங்கு கடைசிக் கட்டப் பராமரிப்பு மட்டும். குஞ்சுகள் வளர்ந்து, வேறு தாய்களின் வாரிசுகளோடு இணைசேர்ந்து, பேரக்குஞ்சுகள் நல்லபடியாக வெளிவந்தால்தான் கூண்டில் ஓர் இனம் பெருகுகிறது என்று சொல்ல முடியும். வனவுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் நாடுகளும் 1997-ல் ஹராரேயில் கூடியபோது இந்த இரண்டாம் தலைமுறையைத்தான் அளவுகோலாக வைத்தன. அந்த அளவுகோலை எட்டாத குஞ்சுகளுக்கு, கூண்டிலேயே பிறந்திருந்தாலும், அனுமதிச் சீட்டில் வேறு குறியீடுதான்.

இரண்டாம் தலைமுறை ஏன் இவ்வளவு அரிது? மடகாஸ்கரின் மழைக்காட்டில் வாழும் பார்சன் பச்சோந்தி, உலகின் மிகப் பெரிய பச்சோந்திகளில் ஒன்று. அதன் முட்டை பொரிய ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே சீரான வெப்பத்தில் வைத்தால் போதாது. காட்டு மண்ணில் வந்துபோகும் குளிர்காலத்தை இன்குபேட்டருக்குள்ளும் கொண்டுவர வேண்டும். குஞ்சு பருவம் எய்த மேலும் சில ஆண்டுகள். ஆக, பேரக்குஞ்சைப் பார்க்க விரும்புகிறவர் பத்தாண்டுத் திட்டத்தில் இறங்குகிறார். இதற்கு நேரெதிர், அதே தீவின் வறண்ட தென்மேற்கில் உள்ள லபோர்டி பச்சோந்தி. 2008-ல் வெளியான ஆய்வின்படி அதன் ஆயுள் ஏறத்தாழ ஓராண்டு; அதிலும் எட்டு, ஒன்பது மாதங்கள் முட்டைக்குள்ளேயே கழிகின்றன. பெரியவை எல்லாம் செத்து, இனம் முழுவதும் மண்ணுக்குள் முட்டையாக மட்டுமே இருக்கும் மாதங்கள் உண்டு. இப்படிப்பட்ட உயிர்களை வயது தெரியாமல் பிடித்து, துணிப்பையில் அடைத்து, கண்டம் தாண்டி அனுப்புகிறார்கள். பச்சோந்திகள் கிண்ணத்துத் தண்ணீரைப் பெரும்பாலும் சீண்டுவதில்லை. இலையில் உருளும் துளிகளைத்தான் குடிக்கும். எனவே பயணத்திலேயே உடல் வற்றிவிடுகிறது. காட்டில் அடங்கிக் கிடந்த குடற்புழுக்கள் களைப்பில் பெருகுகின்றன. புற ஊதா ஒளியும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்தால் எலும்பு வளைகிறது. இவ்வளவையும் தாண்டிப் பிழைத்த ஒன்றிரண்டுதான் முட்டையிடுகின்றன. நம் கண்ணுக்குத் தெரிவது அந்த ஒன்றிரண்டு மட்டும்.

சிறுத்தைப் பச்சோந்தியும் ஏமன் பச்சோந்தியும் இன்று வீட்டிலேயே பல தலைமுறைகளாகப் பெருகுகின்றனவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவை இரண்டும் ஓராண்டுக்குள் பருவம் எய்தி, நிறைய முட்டையிட்டு, வெப்பத்தையும் ஓரளவு தாங்குபவை. ஏமன் பச்சோந்தி புளோரிடாவில் தப்பித்துக் காட்டுக்குள்ளேயே குடியேறிவிட்ட அளவுக்கு வலுவானது. இந்த வெற்றியை வைத்து, குளிர்ந்த மலையுச்சியில் மட்டும் வாழ்ந்து மெல்ல வளரும் இனங்களைக் கணிக்க முடியாது. அந்த வெற்றியும் காட்டுக்கு வெளியே முளைத்ததல்ல. 1990-களின் நடுவில் மடகாஸ்கரின் பெரும்பாலான பச்சோந்திகளின் ஏற்றுமதி நிறுத்தப்பட்டபோது விதிவிலக்காக விடப்பட்ட நான்கு இனங்களில் சிறுத்தைப் பச்சோந்தியும் ஒன்று. காட்டிலிருந்து புது வரத்து தொடர்ந்து கிடைத்த இனம் அது.

எண்ணிக்கையைவிட எனக்குக் கவலை தருவது அடையாளக் குழப்பம். தான்சானியாவின் உசம்பாரா மலைகளிலிருந்து 'பிஷர் பச்சோந்தி' என்ற ஒரே பெயரில் பல்லாண்டுகள் விலங்குகள் விற்கப்பட்டன. 2008-ல் வகைப்பாட்டாளர்கள் கொம்பையும் செதிலையும் மரபணுவையும் ஒப்பிட்டபோது, அந்தப் பெயருக்குள் பல தனி இனங்கள் இருந்தது தெரியவந்தது. உண்மையான பிஷர் பச்சோந்தி உசம்பாராவிலேயே இல்லை. அது நுகுரு, நுகூ மலைகளுக்கு உரியது. எந்த மலையில் பிடித்தது என்று எழுதிவைக்காத கூண்டுகளில் எத்தனை ஜோடிகள் ஒரே இனத்தவை? அருமையாக வளர்த்தவரின் உழைப்பைக் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. பிடித்த இடத்தின் பெயர் தொலைந்த விலங்கு எவ்வளவு நலமாக இருந்தாலும், தன் இனத்தைக் காப்பாற்றும் முயற்சியில் அதற்கு இடமில்லாமல் போகிறது.

காடே அழிகிறது, கூண்டில் இருப்பவையாவது பிழைக்கட்டும் என்பது இன்னும் வலுவான வாதம். மலாவியின் தென்கோடியில் சாப்மன் குள்ளப் பச்சோந்திக்கு நடந்ததை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1992-ல் அறிவியல் பெயர் பெற்ற இந்த இனத்தின் காடு, 1980-களிலிருந்து ஏறத்தாழ 80 சதவீதம் விளைநிலமாகிவிட்டது. 1998-ல் 37 பச்சோந்திகளைப் பிடித்து, வடக்கே மிக்குண்டி என்ற இடத்தில் எஞ்சியிருந்த காட்டில் விட்டார்கள். 2012-ல் தேடியபோதும் அவற்றின் வழித்தோன்றல்கள் அங்கே இருந்தன. அந்த இனம் முழுதாக அழிந்திருக்கும் என்று அஞ்சப்பட்ட பழைய காட்டின் துண்டுகளிலும் 2016-ல் அது தென்பட்டது. மிக்குண்டியில் நடந்தது, கண்ணாடிப் பெட்டிக்குப் போகாமல் இன்னொரு காட்டுக்குப் போன 37 உயிர்கள் செய்த வேலை. அதே எண்ணிக்கையைப் பல நாடுகளின் வளர்ப்பாளர்களுக்கு ஒன்றிரண்டாகப் பிரித்துக் கொடுத்திருந்தால், அவற்றுக்குள் ஒரு ஜோடி சேர்வதே பெரும்பாடாகியிருக்கும்.

கூண்டு வளர்ப்பே வேண்டாம் என்பதல்ல என் நிலை. பார்சன் முட்டைக்குக் குளிர்காலம் வேண்டும் என்பதுபோன்ற அறிவில் பெரும்பகுதி, பொறுமையான வளர்ப்பாளர்கள் குறிப்பெடுத்துச் சேர்த்தது. கூண்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 2021 ஜனவரியில் வியன்னா விமான நிலையத்தில் காலுறைகளிலும் ஐஸ்கிரீம் டப்பாக்களிலும் ஒளித்துக் கொண்டுவரப்பட்ட 74 தான்சானியப் பச்சோந்திகள் பிடிபட்டன. ஷோன்பிரன் உயிரியல் பூங்கா அவற்றை ஏற்றுக்கொண்டது. அப்படிப் பிடிபட்டவற்றைக் காட்டில் திருப்பி விட்டால் வழியில் தொற்றிய நோயும் கூடவே போய்ச் சேரலாம். எனவே அவற்றை வளர்த்து, பூங்காக்களும் தேர்ந்த வளர்ப்பாளர்களும் ஒரே பதிவேட்டின் கீழ் இணைசேர்ப்பது கடமையே. அந்தப் பதிவேட்டில் பிடித்த மலையும், தாயும் தந்தையும், தலைமுறை எண்ணும், இறந்தவற்றின் கணக்கும் இருக்க வேண்டும். இந்தியாவிலும் 2022-ல் திருத்தப்பட்ட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், சைட்டீஸ் பட்டியலில் உள்ள அயல்நாட்டு விலங்குகளை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. பச்சோந்தி வாங்க நினைப்பவர் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது அதன் விலையையோ நிறத்தையோ அல்ல. அதன் தாயும் தந்தையும் எங்கே பிறந்தவை என்பதை. அதற்கு எழுத்தில் பதில் கிடைக்காவிட்டால், அந்த விலங்கை வாங்கக் கூடாது.