மீன்தொட்டியில் நீர்ப்பிரமி



கண்ணாடித் தொட்டியிலே மீன் வளர்ப்போர் பலர். அதே தொட்டியிலே செடியும் வளர்ப்போர் சிலர். ஆசையோடு நட்ட செடி இரண்டு வாரத்தில் மஞ்சளித்து இலை உதிர்க்கக் கண்டு, "இது நமக்குக் கைகூடாது" என்று பிடுங்கி எறிந்தோரும் உளர். பெரும்பாலும் அச்செடி சாகும் நிலையில் இருந்திராது. இன்னும் சில நாள் பொறுத்திருந்தால் அது தளிர்த்திருக்கும்.

இதனை விளக்க நீர்ப்பிரமியை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டின் ஈரநிலங்களிலும் குளக்கரைச் சேற்றிலும் தானே வளரும் செடி இது. சிங்களத்தில் லுணுவில என்பர்; தாவரவியலார் பகோபா மொன்னியேரி என்பர். நினைவாற்றலுக்குரிய மூலிகையென வைத்தியர்கள் போற்றுவதும் இதனையே. கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே அமைந்த சிறிய, தடித்த இலைகள் இதன் அடையாளம். கரையிலே தரையொட்டிப் படரும் தண்டு, நீருள்ளே நிமிர்ந்து நிற்கும்.

கரையில் வளர்ந்த இலை காற்றுக்கென அமைந்தது. நீர் வற்றாமற் காக்க அதன்மேல் மெழுகுப் படலம் உண்டு. செடிக்கு உணவாகும் கரியமிலவாயுவோ, காற்றிற் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே நீரிற் பரவும். ஆகவே நீரில் மூழ்கிய செடி, பழைய இலைகள் சிலவற்றைக் கைவிட்டு, நீருக்கேற்ற மெல்லிய இலைகளைத் தளிர்க்கிறது. இம்மாற்றத்திற்குச் சில வாரங்கள் செல்லும். அக்காலத்தில் உதிர்ந்த இலைகளை அகற்றுங்கள். நுனியிலே புதுத் தளிர் தெரிகிறதா என்று பாருங்கள். செடியை மட்டும் பிடுங்காதீர்கள்.

நடும் முறை எளிது. நான்கைந்து அங்குல நீளமுள்ள தண்டுகளை எடுத்து, அடிக்கணுக்களின் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு அங்குல ஆழமுள்ள பரல்மணலில் ஒவ்வொன்றாக, விரலிடை விட்டு ஊன்றுக. கட்டாக நட்டால் அடித்தண்டுக்கு ஒளி எட்டாது, அழுகிவிடும். வயலோரத்தில் எடுத்ததாயின் கிருமிநாசினி படிந்திருக்கலாம். வேறொரு பாத்திரத்தில் ஒரு வாரம் வைத்து, நாள்தோறும் நீர் மாற்றிய பின்னரே மீன்களிடம் சேர்க்க வேண்டும். நாளொன்றுக்கு எட்டு மணிநேர விளக்கொளி போதும். நேர்வெயில் பட்டால் நீர் சூடேறும், பாசியும் படரும். தனி உரம் பெரும்பாலும் வேண்டுவதில்லை. மீன்களின் கழிவே உரமாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒளியுள்ள போது செடி பிராணவாயுவை வெளியிடும். இருளிலோ மீனைப் போலத் தானும் அதனை உட்கொள்ளும். செடி இருக்கின்றதே என்று மீன்களை நெருக்கி அடைத்தால், விடியற்காலையில் அவை நீர்மட்டத்துக்கு வந்து வாய்பிளந்து தவிக்கும்.

தண்டு நீர்மட்டத்தை எட்டியதும் நுனியை வெட்டி அருகே நடுக. வெட்டிய இடத்தின் கீழே பக்கக் கிளைகள் தோன்றும். ஒரு தண்டு சில மாதங்களிற் சிறு புதராகும். வெட்டாது விட்டால் நீருக்கு மேலெழுந்து, வெண்மையோ இளநீலமோ தோய்ந்த சிறு பூக்களைப் பூக்கும்.

மிஞ்சிய துண்டுகளை வாய்க்காலில் எறியாதீர்கள், உரக்குழியில் இடுங்கள். நீர்ப்பிரமி இம்மண்ணுக்குரியது, ஆயினும் தொட்டியிலுள்ள பிற செடிகளும் நத்தைகளும் அவ்வாறல்ல. 1939ஆம் ஆண்டில் தாவரவியற் கல்விக்கென இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா, சில ஆண்டுகளிலேயே வெளியே பரவி, வயல்களையும் நீர்நிலைகளையும் மூடியதை நாடறியும்.

எளிதில் வளரும் செடி என்றால் நாம் செய்யவேண்டியது குறைவு என்பதே பொருள். அந்தக் குறைந்த வேலையிலும் முதன்மையானது, முதற் சில வாரங்கள் கையை அடக்கிக் காத்திருத்தல். புதுத் தளிர் தோன்றியபின், மற்றவற்றைச் செடியே பார்த்துக்கொள்ளும்.